கேரவன் கேஸ்: மலையேறும் முன்பே நிரப்பிவிடுங்கள்

தென்னாப்பிரிக்காவில் ஜூலை விடுமுறைக்கு டர்பனிலிருந்து டிராகன்ஸ்பர்க் மலைப் பக்கம் கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) இழுத்துப் போகிறவர்கள், அடுப்புக்கான கேஸை டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ நிரப்பிக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, கடை தேடி அலைவது பெரும்பாடு.

9 கிலோ சிலிண்டரைப் பல பெட்ரோல் பங்க்குகளில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். 3 கிலோ, 4.5 கிலோ சின்ன சிலிண்டர் என்றால் எடைபோட்டு நிரப்பித் தரும் கேஸ் கடைதான் சரி. நிரப்பும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சிலிண்டரில் காலி எடை பொறித்திருக்கும். அதோடு கேஸின் எடையைக் கூட்டினால் தராசு காட்ட வேண்டிய எண் கிடைக்கும். அதற்கு மேல் திணிக்க விடாதீர்கள். சூட்டில் திரவம் விரிய, உள்ளே 20 சதவீதம் இடம் வேண்டும்.

அப்புறம், இங்கே கிடைப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கேஸ். 0 டிகிரியை நெருங்கினால் பியூட்டேன் சரியாக ஆவியாகாது. சிலிண்டரில் கேஸ் இருந்தும் விடிகாலைக் குளிரில் அடுப்பு மங்குவது அதனால்தான். வெயில் ஏறட்டும், நெருப்புக் காட்டிச் சூடாக்கவே கூடாது.

மாட்டியதும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் வால்வை மூடி, வாஷரை மாற்றிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும்.