கரண்ட் கம்பம் எட்டாத வீட்டுக்கு சோலார்: கணக்கு பிசகும் இடங்கள்

மலையடிவாரத்தில் இருக்கும் சித்தப்பாவின் தோட்டத்து வீட்டுக்கு இன்னும் லைன் வரவில்லை. சோலார் போட்டது ஒரு ஏப்ரல் மாதத்தில். ஆறு மாதம் ராஜா மாதிரி ஓடியது. ஐப்பசி மழை பிடித்ததும் ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் இன்வெர்ட்டர் கத்தி அணைந்துவிடும். பேட்டரி மட்டமோ என்று சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால் தப்பு எங்கள் கணக்கில்தான்.

முதல் தப்பு, "எத்தனை வாட் பேனல் போடலாம்?" என்று ஆரம்பிப்பது. ராத்திரி என்னென்ன ஓடும் என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக எடுக்கும் வகை) இரண்டு, 10 மணி நேரம்: 600 வாட்-மணி. ஒன்பது வாட் பல்பு ஐந்து, 5 மணி நேரம்: 225. அறுபது வாட் டிவி 3 மணி நேரம்: 180. ஆக சுமார் 1000 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட். பேட்டரி 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் (ஈய பேட்டரியில் ஒரு வகை) இரண்டு, சேர்த்து 24 வோல்ட், மொத்தம் 3.6 யூனிட். தாராளமாகப் போதும் என்றுதான் நினைத்தோம்.

ஆனால் ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் தினமும் இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். கையில் நிற்பது 1.8 யூனிட்தான். அப்புறம், நாங்கள் மறந்துபோன ஒரு ஆள் இருந்தது: இன்வெர்ட்டர். வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, டிசி (பேட்டரியிலிருந்து ஒரே திசையில் ஓடும் கரண்ட்) அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பேட்டரி கேபிளில் மாட்டினோம். 1.2 ஆம்பியர் காட்டியது. ஒரு பல்புகூட எரியாமலே கிட்டத்தட்ட 30 வாட்! 24 மணி நேரத்துக்கு 0.7 யூனிட். ஒரு யூனிட்டோடு இதையும் சேர்த்தால் 1.7. ஒரே ஒரு நாள் வானம் மூடினால் போதும், கணக்கு முடிந்தது. இன்வெர்ட்டர் வாங்கும்போது, சும்மா ஓடும்போது எத்தனை வாட் தின்னும் என்று கட்டாயம் கேளுங்கள். தேவைக்கு மேல் பெரிதாக வாங்கினால் இந்தச் செலவும் பெரும்பாலும் கூடும்.

பேக்கப் போதவில்லை என்றதும் எல்லோரும் செய்வது, இன்னும் இரண்டு பேட்டரி சேர்ப்பது. பேனலைக் கூட்டாமல் இதைச் செய்யவே கூடாது. டியூபுலர் பேட்டரிக்கு அதன் ஏஎச்-ல் பத்தில் ஒரு பங்கு சார்ஜ் கரண்ட் வேண்டும். 150-க்கு 15 ஆம்பியர். சார்ஜ் ஏறும்போது 24 வோல்ட் செட் சுமார் 28 வோல்ட்டில் நிற்கும்; ஆக அது சுமார் 420 வாட். சூடான மொட்டை மாடியில் பேனல் தன் பெயரில் இருக்கும் வாட்டைத் தராது. நான் முக்கால் பங்குதான் கணக்கில் எடுப்பேன். ஆகவே 560 வாட்டுக்குக் குறையக் கூடாது. பகலில் ஓடுபவற்றுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். சார்ஜ் முழுசாக ஏறாத பேட்டரியில் சல்பேட் உப்பு உள்ளே இருக்கும் தட்டுகளில் படிந்து இறுகிவிடும். பழையதோடு புதுசைச் சேர்த்தால் புதுசும் பழசோடு போய்விடும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரில் மிச்சம் பிடிப்பது வீண். உதாரணத்துக்கு, ஒரு 540 வாட் பேனல் ஏறக்குறைய 41 வோல்ட்டில் 13 ஆம்பியர் தரும். பிடபிள்யூஎம் என்ற எளிய வகைக் கன்ட்ரோலர் அந்த வோல்ட்டைத் தாங்கினாலும், பேனலைப் பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்துவிடும். 24 வோல்ட் பேட்டரிக்குப் போய்ச் சேருவது சுமார் 340 வாட். 12 வோல்ட் என்றால் 170 சொச்சம். மிச்சம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வெயில். பேனலின் கூடுதல் வோல்ட்டைக் கூடுதல் கரண்ட்டாக மாற்றித் தரும் எம்பிபிடி கன்ட்ரோலர் போடுங்கள். பேனல்களை சீரியலில் (ஒன்றன்பின் ஒன்றாக) கோக்கும்போது, குளிர்ந்த காலையில் வோல்ட் ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் எம்பிபிடியின் உச்ச வோல்ட் வரம்பை ஒட்டிக் கோத்தால் ஒரு விடியற்காலையில் அது எரிந்துபோகும்.

லித்தியம் பேட்டரிக்கு மாறுபவர்கள் கன்ட்ரோலரில் பழைய ஈய பேட்டரி செட்டிங்கை மாற்ற மறக்கிறார்கள். அதிலிருக்கும் ஈக்வலைசேஷனை (அவ்வப்போது வேண்டுமென்றே கூடுதல் வோல்ட்டில் சார்ஜ் ஏற்றுவது) முதலில் அணைக்க வேண்டும்.

வயரிங்கில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 1000 வாட் எடுக்கும்போது 12 வோல்ட்டில் 90 ஆம்பியருக்கு மேல் ஓடும். 48 வோல்ட்டில் அதில் கால் பங்கு. பெரிய லோடுக்கு 12 வோல்ட் வேண்டவே வேண்டாம். பேட்டரி பாசிட்டிவை ஒட்டியே டிசி பியூஸ் இருக்க வேண்டும். வீட்டு லைனுக்கான (ஏசி கரண்ட்) எம்சிபியை, அதாவது கரண்ட் அதிகமானால் தானே விழும் சுவிட்சை, அங்கே மாட்டாதீர்கள்: டிசியில் கரண்ட் பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை, எம்சிபி விழுந்தாலும் உள்ளே பொறி அணையாமல் எரியக்கூடும். தீப்பிடிக்க அது போதும்.

ஒரு எச்பி மோட்டார் 746 வாட்தான் என்று நம்பி 1000 விஏ இன்வெர்ட்டரில் மாட்டுவதும் உண்டு. கிளம்பும் நேரத்தில் அது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். சித்தப்பா இப்போது மோட்டாருக்குத் தனிப் பேனலும் சோலார் பம்ப் கன்ட்ரோலரும் வைத்து, பகலிலேயே தொட்டியை நிரப்பிவிடுகிறார். படுக்கப் போகும்போது ஃபேனுக்கென்று ஒரு சின்ன இன்வெர்ட்டரைப் போட்டுவிட்டு, பெரியதை அணைத்துவிடுகிறார்.