காட்டுக்குள் கல் வீடு: சிமென்ட் மூட்டையைத் தள்ளி வையுங்கள்

கொடைக்கானல் பக்கம் சோலையை ஒட்டிய பழைய கல் வீடுகளுக்கு இப்போது கிராக்கி அதிகம். பத்திரம், வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார். பழுதுபார்க்கும் வேலையில் நாங்கள் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்துகளைத்தான் புதிதாக வருகிறவர்களும் அடிக்கிறார்கள்.

கல் இடுக்கில் சிமென்ட்

இதை மட்டும் என்னால் பொறுக்கவே முடியாது. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே குடியேறத் தொடங்கிய காலம் தொட்டு, பழைய கல் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில் எழும்பியவை. கருங்கல் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது. ஈரம் காரை வழியாக உள்ளே போகும், வெயில் அடித்தால் அதே காரை வழியாக வெளியேறும். காரை உதிர்கிறதே என்று கொத்தனார் சிமென்டை அப்பி, கோடு இழுத்துத் தருவார். முதல் கோடையில் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் இறுகிய சிமென்ட் வளைந்து கொடுக்காது. கல்லோரத்தில் மயிரிழை விரிசல் விடும். அதில் இறங்கும் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் வீட்டுக்குள் திரும்பும்.

ஒரு மதுரைக்காரர் ஐப்பசி மழையில் போன் செய்தார்: "அண்ணே, கூரை ஒழுகுது." போய்ப் பார்த்தால் கூரையில் குறையே இல்லை. உள்சுவரில் இடுப்பளவுக்கு ஓதம். பெயின்ட் அப்பளமாகப் பொரிந்திருந்தது, தடவினால் கையெல்லாம் உப்புத்தூள். சுவருக்குள் செருகியிருந்த உத்தரத்தின் முனையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், பிடிவரை இறங்கிவிட்டது. அப்போதும் அவர் கேட்டது, "வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிச்சா சரியாயிடுமா?" மிச்சமிருக்கும் வழியையும் அடைக்கவா?

பூசிய கூலியைவிடப் பெயர்க்கும் கூலி அதிகம். உளியால் பொறுமையாகத்தான் கொத்த வேண்டும். கட்டிங் மெஷினை விட்டால் கல்லின் விளிம்பும் போகும். அப்புறம் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து பூசி, ஈரச்சாக்கு போட்டு மெதுவாகக் காயவிடுங்கள். மார்கழி, தையில் வேண்டாம். இங்கே உறைபனி விழும், பச்சைக் காரை உதிர்ந்துவிடும். மாசியில் தொடங்குங்கள்.

மரம் வெட்டுவது

மலைப்பகுதி மரங்களுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அறிவிக்கப்பட்ட பகுதி என்றால் சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி வேண்டும்.

கூரைத் தூம்பு

மழைக்கு முன்னால் சருகை அள்ளுங்கள்.

மாதக்கணக்கில் பூட்டி வைப்பது

சாவியைப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் கொடுங்கள். வெயில் நாளில் ஜன்னல்களைத் திறந்து வைக்கட்டும். சும்மா கேட்காதீர்கள், மாதச் சம்பளம் கொடுங்கள்.