கழுவிக் காயப்போட்ட கையுறை புதுக் கையுறை ஆகாது

நெல்லுச் சிறுபோகம் தொடங்கினால் திருகோணமலையின் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வேலிகளில், பூச்சிமருந்து அடிக்கப் போட்டுக் கழுவின கையுறைகள் தொங்கும். போடுகிறார்களே என்று சந்தோஷம்தான். எப்ப எறிவீர்கள் என்று கேட்டால்தான் வயிறு எரியும்.

"கிழியேல்லைத்தானே, இன்னும் பாவிக்கலாம்"

மருந்து உள்ளே வர ஓட்டை தேவையில்லை. போத்தலில் ஈ.சி. (EC) என்று போட்ட, தண்ணீரில் கலந்தால் பால்போல வெளுக்கும் மருந்துகள் பலவற்றில் சைலீன் போன்ற கரைப்பான் இருக்கும். அது றப்பருக்குள் ஊறி, மெல்ல நகர்ந்து மறுபக்கம் வரும். கண்ணுக்குத் தெரியாது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் மேலே இருப்பது போகும், ஊறினது போகாது. காலை ஏழுக்குப் பட்ட மருந்து, பதினொன்றுக்குக் கழுவித் தொங்கவிட்ட பிறகும் இரவிரவாக உள்பக்கம் நகரும். மறுநாள் வியர்த்த கையை நேரே அதற்குள் விடுகிறார்கள்.

கையுறைப் பெட்டியில் நிலை 6 என்று இருந்தால், இரசாயனம் ஊறி மறுபக்கம் வராமல் 480 நிமிடத்துக்கு மேல் தாங்கும் என்று அர்த்தம். ஆனால் அது 23 பாகை செல்சியஸில், குறிப்பிட்ட ஒரு இரசாயனத்துக்குச் சோதித்த கணக்கு. கச்சான் காற்று வீசும் நாட்களில் இங்கே வெக்கை 35ஐத் தொடும். சூடு கூடினால் ஊறலும் வேகமாகும். கழற்றி வைத்தாலும் அந்தக் கணக்கு நிற்காது.

பெட்டியிலுள்ள குடுவைப் படத்தின் கீழிருக்கும் எழுத்துகளையும் பாருங்கள், எந்த இரசாயனங்களுக்குச் சோதித்தது என்று அவை சொல்லும். ஜே, கே, எல் என்றால் ஹெப்டேன், காஸ்டிக் சோடா, சல்பூரிக் அமிலம். சைலீனுக்கு நெருங்கிய தொலுயீனின் எழுத்து எஃப். அது இல்லாத கையுறையை நம்பி ஈ.சி. மருந்தை ஊற்றாதீர்கள்.

தண்ணீர் சேராத மருந்தை அளந்து ஊற்ற, குறைந்தது 0.38 மி.மீ. தடிப்புள்ள நைட்ரைல் (செயற்கை றப்பர்) கையுறைச் சோடி ஒன்று. ஈ.சி. மருந்தில் நனைந்தால் அன்றோடு சரி. அடிக்கும்போது போட வேறொரு சோடி. அதைக் கழுவிப் பாவிக்கலாம், முதல் பாவித்த திகதியை மணிக்கட்டில் மார்க்கரால் எழுதுங்கள். வீங்கினால், விறைத்தால், பிசுபிசுத்தால், நிறம் மாறினால் திகதி பார்க்க வேண்டாம், உடனே மாற்றுங்கள். இவை ஒன்றும் தெரியவில்லை என்பதால் கையுறை நல்லது என்று ஆகாது.

சேர்ட், சாரம்

தண்ணீர் சேராத மருந்து ஊறினால் துவைக்காமல் எறியுங்கள். அடிக்கும்போது தெறித்தது மட்டும்தான் என்றால், வீட்டு உடுப்போடு சேர்க்காமல் சுடுதண்ணீரில் சவர்க்காரத் தூள் போட்டுத் துவைத்து வெயிலில் காயவிடலாம்.

தோல் சப்பாத்து, பெல்ட், மணிக்கூட்டு வார்

ஊறினால் எறி.

கழற்றுவது

கையுறையோடேயே கையைக் கழுவுங்கள், பிறகு கழற்றுங்கள்.

எறிவது

எரிக்க வேண்டாம். விரல்களை வெட்டிவிட்டு எறியுங்கள். முழுசாகக் கிடந்தால் யாரோ எடுத்துப் போடுவார்கள்.