சர்ச் ஸ்பீக்கர்ல டிஜிட்டல் பியானோ தெளிவா கேக்கலையா? இந்த தவறுகள தவிர்த்துடுங்க

ஹெட்ஃபோன்ல கேட்டா அவ்ளோ அருமையா இருக்குற பியானோ, சர்ச் ஸ்பீக்கர்ல வந்ததும் அமுங்கிப்போய் டப்பா சத்தமா கேக்குதுன்னு நிறைய பேர் சொல்றாங்க. உடனே எல்லாரும் கை வைக்கிறது ஈக்யூலதான், அதாவது மிக்சர்ல பேஸ், ட்ரெபிள்னு கூட்டிக் குறைக்கிற பட்டன்கள்ல. ஆனா முக்காவாசி நேரம் சத்தம் அங்க போறதுக்கு முன்னாடியே கெட்டுப்போயிருக்கும், அதனால முதல்ல கேபிள பாருங்க.

ரொம்ப மோசமான தவறு, ஹெட்ஃபோன் ஜாக்ல இருந்து ஒரு ஸ்டீரியோ டிஆர்எஸ் கேபிள (பிளக்குல மூணு தொடுபுள்ளி இருக்குறது) எடுத்து நேரா மிக்சரோட பேலன்ஸ்டு இன்புட்ல (இரைச்சல நீக்க ரெண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்த மட்டும் எடுத்துக்குற இன்புட்) சொருகுறது. அந்த கேபிள்ல இடது ஒரு கம்பியில, வலது இன்னொரு கம்பியில வருது, மிக்சர் என்ன பண்ணும்னா ஒண்ணுல இருந்து இன்னொண்ண கழிச்சிரும், அப்போ ரெண்டு பக்கமும் பொதுவா இருக்குற சத்தம், அதாவது பியானோவோட உடம்பே காணாமப் போயிடும். பியானோவுல லைன் அவுட் (மிக்சர் மாதிரி வெளி சாதனத்துக்குன்னே இருக்குற ஜாக்) இருந்தா அதையே யூஸ் பண்ணுங்க. இல்லவே இல்லன்னா இடது வலத தனித்தனியா பிரிக்கிற ஒய் கேபிள் போட்டு டிஐ பாக்ஸுக்கு கொண்டு போங்க.

டிஐ பாக்ஸ் எதுக்குன்னு கேக்காதீங்க, சாதா கிட்டார் கேபிள் 5, 6 மீட்டர தாண்டுனாலே இரைச்சல இழுக்க ஆரம்பிச்சிடும், இந்தச் சின்னப் பெட்டி சிக்னல பேலன்ஸ்டா மாத்தி தூரத்துக்கு சுத்தமா அனுப்பும். ம்ம்ம்னு ஹம் வந்தா டிஐல இருக்குற கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச (ஆடியோ கேபிளோட கிரவுண்ட் இணைப்ப மட்டும் துண்டிக்கிறது) தட்டிப் பாருங்க. பவர் பிளக்கோட எர்த் பின்ன மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கழட்டாதீங்க, அது உயிர் சமாச்சாரம்.

அடுத்தது லெவல். பியானோ வால்யூம கால்வாசி வச்சுட்டு மிக்சர்ல கெயின (உள்ள வர்ற சிக்னல பெருசாக்குற பட்டன்) ஏத்துனா கூடவே இரைச்சலும் ஏறும். பியானோவ முக்கால்வாசிக்கு வச்சு, பாட்டுலயே பலமா வாசிக்கிற இடத்த வாசிக்கச் சொல்லி, கிளிப் லைட் (சத்தம் அளவு மீறி உடையுதுன்னு காட்டுற லைட்) எரியாம கெயின் செட் பண்ணுங்க. அப்புறம் வாசிக்கிறவர் ஆராதனை நடுவுல அந்த வால்யூம தொடக்கூடாது, இத முன்னாடியே பேசி வச்சுக்கங்க.

நிறைய பேர் கவனிக்காத விஷயம் மோனோ. பெரும்பாலான சர்ச் சிஸ்டம் மோனோதான், அதாவது எல்லா ஸ்பீக்கர்லயும் ஒரே சத்தம்தான் வரும், ஆனா பியானோ சவுண்டு ஸ்டீரியோவா ரெக்கார்ட் பண்ணது, ரெண்டையும் ஒண்ணா கலக்கும்போது சில நோட்டு மட்டும் உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி வெறுமையா கேக்கும். சோதிக்க சுலபமான வழி இருக்கு, ரெண்டு சேனல்ல ஒண்ண மியூட் பண்ணிப் பாருங்க, சத்தம் சட்டுனு நிறைவா மாறுனா பிரச்சனை இதுதான். அப்போ ஒரு சேனல மட்டும் வச்சுக்கலாம், இல்ல மோனோ பியானோ டோன் இருந்தா அத போடலாம், எனக்கு அதுதான் சரின்னு படும்.

ஈக்யூக்கு கடைசியா வாங்க. 80 ஹெர்ட்ஸ்க்கு கீழ லோ கட் (அடி சத்தத்த வெட்டுறது) போடுங்க, பேஸ் கிட்டார் இருந்தா 100 வரைக்கும் போகலாம். 250ல இருந்து 400 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரு 3 டெசிபல் குறைச்சாலே பாதி குழப்பம் போயிடும். பியானோக்குள்ளயே இருக்குற ரிவெர்ப (செயற்கை எதிரொலி) ஆஃப் பண்ணிடுங்க, பெரிய ஹால்ல எதிரொலி ஏற்கனவே வேணும்ங்கற அளவுக்கு இருக்கும். இதெல்லாம் பியானோவ தனியா வாசிக்கவிட்டு செட் பண்ணாதீங்க, கொயரும் மத்த வாத்தியமும் சேர்ந்து போகும்போது ஹாலுக்கு நடுவுல நின்னு கேட்டு பண்ணுங்க.