அரிக்கா பாம் நுனி கருகுகிறதா? எந்த மட்டையில் தொடங்கியது என்று பாருங்கள்

வீட்டில் அழகுக்கு வளர்க்கும் பனை வகையான அரிக்கா பாமின் இலை நுனி பழுத்துக் கருகத் தொடங்கியதும் பலரும் தண்ணீரைக் கூட்டுவார்கள், இல்லாவிட்டால் ஒரு பிடி உரத்தைப் போடுவார்கள். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இரண்டுமே கருகலை அதிகமாக்கும். எதையும் ஊற்றும் முன் செடியைக் கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்துவிடுங்கள். கருகல் எங்கே தொடங்கியது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

சென்னை போன்ற ஊர்களில் அதிகம் பார்ப்பது உப்பினால் வரும் கருகல். வேர் உறிஞ்சும் தண்ணீரோடு உப்பும் மேலே ஏறும். தண்ணீர் இலை வழியே ஆவியாகிவிடும். உப்பு மட்டும் நுனியில் தேங்கி அங்கே திசுவைச் சாகடிக்கும். பழைய மட்டைகளில் கருகல் அதிகமாகவும் இளசுகளில் லேசாகவும் இருக்கும். மற்றபடி இலை பச்சையாகவே இருக்கும். தொட்டி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளைப் படிவு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 500க்குள் காட்டும் தண்ணீர் பரவாயில்லை. 1000ஐத் தாண்டினால் தொட்டிச் செடியில் நுனி கருகல் அநேகமாக வந்தே தீரும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் சேர்ந்திருக்கிறது. கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவியின் தண்ணீரில் சோடியம் கூடுதல், அதுவும் ஆகாது. வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் குறையும், உப்பு குறையாது.

உப்பை வெளியேற்ற, முதலில் மேல்மண்ணை அரை அங்குலம் சுரண்டி எடுத்துவிடுங்கள். 12 அங்குலத் தொட்டியில் சுமார் 15 லிட்டர் மண் இருக்கும். அதற்கு மூன்று மடங்கு, அதாவது 45 லிட்டர் நல்ல தண்ணீர் தேவை. மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. நாலைந்து தவணையாக, அரை மணி நேர இடைவெளியில் ஊற்றி அடித்துளை வழியே முழுவதும் வடிய விடுங்கள். கீழ்த்தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதே உப்பை மண் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மாதம் உரம் வேண்டாம். தண்ணீர் வடியாமல் நின்றால் அடித்துளை அடைத்திருக்கிறது அல்லது மண் இறுகியிருக்கிறது. செடியைக் கழற்றி வேரைப் பாருங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் நல்லது. பழுப்பாகக் குழைந்து நாற்றம் வந்தால் அது வேரழுகல். அழுகியதை வெட்டிவிட்டு, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு மட்கிய தொழுவுரம் கலந்து மாற்றி நடுங்கள். கோகோபீட் (தென்னை நார்த்தூள்) சேர்ப்பதானால் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே. அலசாத கட்டியில் உப்பு இருக்கும்.

கீழ் மட்டைகள் மட்டும் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தால், அதில் ஒரு சிற்றிலையை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவும் மஞ்சள், ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால் சாம்பல்சத்துக் (பொட்டாஷ்) குறை. இங்கே ஒரு தவறு எல்லோரும் செய்வது: அசிங்கமாக இருக்கிறது என்று அந்த மட்டைகளை வெட்டிவிடுவது. செடி அவற்றிலிருந்துதான் சாம்பல்சத்தை எடுத்துக் குருத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. வெட்டினால் அடுத்த அடுக்கு பழுக்கும். மட்டை முழுவதும் காயும்வரை விட்டுவிடுங்கள். தரையில் வளர்ந்த புதருக்கு 100 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷும் 50 கிராம் எப்சம் உப்பும் (மக்னீசியம் சல்பேட்) தூரிலிருந்து ஓரடி தள்ளித் தூவி, மண்ணைக் கிளறித் தண்ணீர் விடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். எப்சம் உப்பைத் தவிர்க்க வேண்டாம். பொட்டாஷ் மட்டும் ஏறினால் மக்னீசியம் குறைந்து இலை ஓரம் மஞ்சளாகும். சிவப்பாக மலிவாகக் கிடைக்கும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் குளோரைடு இருப்பதால் உப்புத் தண்ணீர் வீடுகளுக்கு அது ஏற்றதல்ல.

குருத்தே சிறுத்து, சுருண்டு, கருகி வருகிறதென்றால் மாங்கனீசு எட்டவில்லை. வீடு கட்டிய சிமென்ட், சுண்ணாம்பு இடிபாடு புதைந்த மண்ணில் இது வரும். லிட்டருக்கு 2 கிராம் மாங்கனீசு சல்பேட் கரைத்துக் குருத்தில் தெளியுங்கள். இடிபாட்டைத் தோண்டி எடுக்காமல் நிரந்தரமாகத் தீராது.

இலை தூசி படிந்தாற்போல மங்கினால் சிலந்திப்பேன். வெள்ளைத்தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டுங்கள். விழும் புள்ளிகள் நகரும். அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, 5 மில்லி வேப்பெண்ணெயில் 1 மில்லி சோப்புக் கரைசலைக் கலக்கி ஒரு லிட்டராக்கி மாலையில் தெளியுங்கள். முட்டைகள் எல்லாமே இதற்குச் சாகாது என்பதால் வாரம் ஒருமுறை வீதம் மூன்று முறை.

கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. வைத்தியம் பலித்ததா என்பதை அடுத்து விரியும் மட்டையில்தான் பார்க்க வேண்டும். கண்ணை உறுத்தினால், ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரிக்கோலால் இலையின் கூர்வடிவிலேயே நறுக்குங்கள். பழுப்பு 2 மில்லிமீட்டராவது மிஞ்சும்படி வெட்டுங்கள். பச்சையில் கத்தரி பட்டால் அந்த வெட்டு விளிம்பு திரும்பக் காயும்.