இயற்கணிதக் கோவையின் மதிப்பைப் பிழையின்றிக் காண்பது எப்படி?

கோவையையும் மாறிகளின் மதிப்புகளையும் கொடுத்து ‘மதிப்பு காண்க’ என்று கேட்கும் கணக்குகளில், பெருக்கல் வாய்ப்பாடு நன்றாகத் தெரிந்த மாணவர்கூடப் பிரதியிடும் முதல் வரியிலேயே வழுக்கிவிடுவது உண்டு. அந்த ஒரு வரியை நிதானமாக எழுதப் பழகினால் பாதிக் கணக்கு முடிந்ததற்குச் சமம்.

x = −3, y = 4 எனில், 2x² − 3(y − x) + 5 என்ற கோவையின் மதிப்பைக் காண்போம். x வரும் இடமெல்லாம் −3 என்பதை அடைப்புக்குறிக்குள் வைத்தே எழுத வேண்டும்: 2(−3)² − 3(4 − (−3)) + 5. இந்த அடைப்புக்குறியைச் சோம்பலால் விட்டுவிட்டால், 4 − −3 என்பதில் ஒரு கழித்தல் குறி அடுத்த வரியில் காணாமற்போய், 7 வரவேண்டிய இடத்தில் 1 வந்து நிற்கும்.

இனி வரிசை. முதலில் அடைப்புக்குறிக்குள் இருப்பதைச் சுருக்க, 4 − (−3) = 7 ஆகிறது. அடுத்து அடுக்கு: (−3)² = 9. அடுக்கு என்பது தான் ஒட்டி நிற்கும் எண்ணுக்கோ அடைப்புக்குறிக்கோ மட்டுமே உரியது. முன்னால் நிற்கும் 2 என்ற கெழுவை அது தொடாது. எனவே 2(−3)² என்பதை (−6)² என்று எண்ணி 36 என எழுதுவது தவறு; 2 × 9 = 18 என்பதே சரி. அதன்பின் 3 × 7 = 21. இப்போது கையில் இருப்பது 18 − 21 + 5. இங்கேதான் பலர் கூட்டலை முதலில் செய்து, 18 − 26 = −8 என்று முடித்துவிடுகிறார்கள். கூட்டலும் கழித்தலும் ஒரே தரத்தவை. அவற்றை இடமிருந்து வலமாக, வரும் வரிசையிலேயே செய்ய வேண்டும். 18 − 21 = −3; −3 + 5 = 2. விடை 2.

பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் இதே விதிதான்: 24 ÷ 4 × 2 என்பது 12, 3 அன்று.

−x² என்ற வடிவத்தில் கூடுதல் கவனம் தேவை. x = −3 எனில் அது −(−3)² = −9; முன்னால் உள்ள கழித்தல் குறி வர்க்கத்திற்குள் நுழைவதில்லை. கணினியில் சரிபார்ப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது: எக்செல் விரிதாளில் =-3^2 என்று தட்டினால் 9 வரும்; பைத்தான் நிரல்மொழியில் -3**2 என்பது -9 தரும் (^, ** இரண்டும் அடுக்கைக் குறிப்பவை). எக்செல் அந்தக் குறியை எண்ணோடு சேர்த்தே எடுத்துக்கொள்வதால்தான் இந்த வேறுபாடு. கணித வழக்கம் பைத்தான் பக்கம் இருக்கிறது.

பின்னக்கோடும் ஓர் அடைப்புக்குறியே. மேலே x + 9, கீழே x + 5 என்றிருந்தால், x = −3 எனும்போது மேலே 6, கீழே 2, மதிப்பு 3. அதையே ஒரே வரியில் x + 9 ÷ x + 5 என்று எழுதினால், 9 ÷ (−3) முதலில் நடந்து, −3 − 3 + 5 = −1 ஆகிவிடும். ஆகவே பின்னத்தை ஒரே வரியில் எழுத நேர்ந்தால் (x + 9) ÷ (x + 5) என்று இரு பக்கமும் அடைப்புக்குறி இட்டே எழுதுங்கள்.