வயர்லெஸ் ஹைஃபை ஸ்பீக்கர்: நீண்ட காலம் உழைப்பதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சில லட்ச ரூபாய் செலவழித்து ஒரு ஜோடி வயர்லெஸ் ஸ்பீக்கர் வாங்க நினைப்பவர், வயர் எங்கே தேவையில்லை, எங்கே இருந்தே தீரும் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் இரண்டு ஸ்பீக்கருக்கும் தனித்தனியே மின் இணைப்பு வேண்டும். ஆகவே, கூடத்தில் அவற்றை வைக்கப்போகும் இரு இடங்களுக்கும் அருகில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் புறப்படுவதே நல்லது.

இவ்வகை ஸ்பீக்கர்களின் சிறப்பு வயர் இல்லாததில் அல்ல, உள்ளமைப்பில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. வழக்கமான ஸ்பீக்கரில், ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் சிக்னலை காயில்களும் கெப்பாசிட்டர்களும் கொண்ட கிராஸ்ஓவர் பிரித்து, தாழ்ந்த ஒலிகளை வூஃபருக்கும் உயர்ந்த ஒலிகளை ட்வீட்டருக்கும் அனுப்புகிறது. புதிய வகையில் இந்தப் பிரிப்பு ஆம்ப்ளிஃபயருக்கு முன்பே டிஜிட்டல் முறையில் முடிந்துவிடுவதால், வூஃபர், ட்வீட்டர் ஒவ்வொன்றுக்கும் அதற்கு ஏற்ற தனி ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தவும், பெட்டியின் குறைகளையும் ஓரளவு அறையின் குறைகளையும் மென்பொருளால் திருத்தவும் முடிகிறது. பிரிட்டனின் கெஃப் நிறுவனம் 2012இல் வெளியிட்ட எல்எஸ்50 ஸ்பீக்கரின் வயர்லெஸ் வடிவம் 2016இல் வந்தபோது, இரு பெட்டிகளையும் ஒரு நெட்வொர்க் கேபிளால் இணைத்தே ஆக வேண்டியிருந்தது. 2020இல் வந்த இரண்டாம் பதிப்பில், வூஃபருக்கு 280 வாட், ட்வீட்டருக்கு 100 வாட் எனத் தனித்தனி ஆம்ப்ளிஃபயர்கள் இருந்ததோடு, அந்தக் கேபிளும் கட்டாயமில்லை என்றாயிற்று. கேபிள் இல்லாவிட்டால் இரு பெட்டிகளுக்கும் இடையே போகும் டிஜிட்டல் ஒலியின் நுணுக்கம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். இணைத்தால் 192 கிலோஹெர்ட்ஸ்.

அந்த ஒரு கேபிளை நீக்குவதற்கு நான்கு ஆண்டுகள் ஆனதில் வியப்பில்லை. ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. இடது, வலது ஸ்பீக்கர்களுக்கு இடையே அதைவிடக் குறைந்த காலப் பிசகு ஏற்பட்டாலும், நடுவில் நிற்பதாகத் தோன்ற வேண்டிய பாடகரின் குரல் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். இன்றைய உயர்தரத் தயாரிப்புகள் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டன என்றே சொல்லலாம். எனினும், இரு ஸ்பீக்கர்களுக்கும் இடையே கேபிள் போட வசதியிருந்தால் போட்டுவிடுவதே என் பரிந்துரை.

பாட்டு ஸ்பீக்கரை வந்தடையும் வழியைத் தேர்ந்தெடுப்பது எளிது. சிடி தரத்துக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் தேவை; புளூடூத்தின் அடிப்படை முறையான எஸ்பிசி சுமார் 328 கிலோபிட்டோடும், சோனியின் எல்டாக் 990 கிலோபிட்டோடும் நின்றுவிடுகின்றன. எனவே புளூடூத்தை விருந்தினரின் போனுக்கு விட்டுவிட்டு, நீங்கள் வைஃபை வழியாகவே கேளுங்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலியை மாற்றமின்றி அனுப்பினாலும் நொடிக்கு 4.6 மெகாபிட்தான் ஆகும். சுமாரான வைஃபைகூட அதைச் சுமக்கும். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட் சுவரைக் கடக்கத் திணறும், 2.4 கிகாஹெர்ட்ஸ் தொலைவு போகும் என்றாலும் அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டு ரூட்டர்களோடு மோதும். ரூட்டர் வேறு அறையில் இருந்தால், ஒரு ஈதர்நெட் கேபிளை இழுத்து முதன்மை ஸ்பீக்கரில் செருகிவிடுங்கள். டிவிக்கும் அப்படித்தான்: வைஃபை முறைகள் பாட்டை முன்கூட்டியே சேமித்து வைத்து ஒலிப்பதால் உதட்டசைவும் குரலும் பொருந்தாமல் போகக்கூடும், எச்டிஎம்ஐ வழியே இணைப்பதே சரி.

அதிகம் யோசிக்க வேண்டியது ஆயுளைப் பற்றித்தான். நல்ல வூஃபரும் ட்வீட்டரும் இருபது ஆண்டுகள் உழைக்கக்கூடியவை; அவற்றோடு ஒரே பெட்டியில் அடைபட்டிருக்கும் மென்பொருளுக்கு அந்த ஆயுள் கிடையாது. வயர்லெஸ் ஸ்பீக்கர்களைத் தயாரிக்கும் சோனோஸ் நிறுவனம் தன் பழைய கருவிகள் சிலவற்றுக்கு மென்பொருள் மேம்பாடு நிறுத்தப்படும் என்று 2020 ஜனவரியில் அறிவித்துக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2024 மே மாதம் அது வெளியிட்ட புதிய செயலியில் பழைய வசதிகள் பல காணாமற்போனதால் எழுந்த சர்ச்சைக்குப் பின், அதன் தலைமைச் செயல் அதிகாரி 2025 ஜனவரியில் பதவி விலகினார். உயர்தர ஒலியின் எதிர்காலம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட எம்க்யூஏ முறையை உருவாக்கிய நிறுவனம் 2023இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. அடுத்த ஆண்டு டைடல் என்ற இணைய இசைச் சேவையும் அதைக் கைவிட்டு, தரம் குறையாமல் ஒலியைச் சுருக்கும் ஃபிளாக் முறைக்கு மாறிக்கொண்டது. ஆகவே பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் முத்திரைகளை எண்ணிக்கொண்டிருக்காமல், பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆப்டிகல், எச்டிஎம்ஐ, சாதாரண அனலாக் உள்ளீடு ஆகியவை இருந்தால், இணையத்திலிருந்து பாட்டை வாங்கித் தரும் ஸ்ட்ரீமர் என்ற உட்பகுதி காலாவதியான பிறகும் சில ஆயிரம் ரூபாய்க் கருவி ஒன்றை வெளியே இணைத்து ஸ்பீக்கரைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். அனலாக் உள்ளீடுகூட இல்லாத ஸ்பீக்கரை, எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன். போனிலிருந்து பாட்டை அனுப்ப ஆப்பிளும் கூகுளும் தரும் வழிகளான ஏர்பிளே, கூகுள் காஸ்ட் இரண்டும் இருப்பதும் நல்லது; நிறுவனத்தின் சொந்தச் செயலி பழுதானாலும் அவற்றின் வழியே நேராக அனுப்பலாம்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது இணையத்தைத் துண்டித்துவிட்டு, ஸ்பீக்கர் ரிமோட்டில் இயங்குகிறதா, கேபிள் உள்ளீட்டைத் தானே ஏற்கிறதா என்று சோதியுங்கள். ஒலியளவைக் கூட்டியும் குறைத்தும் கேளுங்கள்; சிறிய பெட்டிகள் மெதுவாக ஒலிக்கும்போது பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலியைத் தாராளமாகத் தந்து, சத்தத்தைக் கூட்டியதும் அதைக் குறைத்துக்கொள்ளும்படி நிரல்செய்யப்பட்டிருப்பதுண்டு. பெரிய கூடத்தில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

வீட்டில் ஏற்கெனவே நல்ல சாதாரண ஸ்பீக்கர்கள் இருந்தால் அவற்றை விற்க அவசரப்பட வேண்டாம். ஸ்ட்ரீமர் உள்ள ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் சேர்த்தால் வயர்லெஸ் வசதியில் பெரும்பகுதி கிடைத்துவிடும். புதிதாகத் தொடங்குபவருக்கோ, அதே செலவில் ஆம்ப்ளிஃபயர், ஸ்ட்ரீமர், ஸ்பீக்கர் என்று தனித்தனியாகச் சேர்ப்பதைவிட வயர்லெஸ் ஜோடியே பெரும்பாலும் நல்ல ஒலியைத் தரும் என்பதால், இந்தச் சந்தை மேலும் வளரும் என்றே நம்புகிறேன். பணம் கட்டும் முன், ஆம்ப்ளிஃபயர் போர்டு பழுதானால் அதை மட்டும் இங்கேயே மாற்றித் தருவார்களா, முழு ஸ்பீக்கரையும் வெளியூருக்கு அனுப்ப வேண்டுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.